இரண்டு கறுப்பு

பாவ்லோதாரில் பனி இறங்கிவிட்டால்
காற்றில் ஒரு சொட்டு ஈரம் இராது.
ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினால் முடி பொரியும்.
கடைக் கதவைத் திறக்குமுன்
பிடியைச் சாவியால் தொட்டுவிடுவேன்.
விரலுக்கு ஒரு சுரீர் மிச்சம்.

இர்த்திஷ் ஆற்றங்கரையில் குழாய் விற்கிறேன்.
அலுமினிய ஆலைக்காரர் வருவார்.
பெட்ரோல் லாரிக்காரர் வருவார்.
இருவரும் கேட்பது ஒன்றே:
கறுப்பு, இரண்டங்குலம், பத்து மீட்டர்.

ஆலைக்கு
மின்சாரத்தைத் தெரியவே தெரியாத குழாய் வேண்டும்.
அங்கே உருக்குத் தொட்டிகளின் வரிசை நெடுக
மின்சாரம் ஆறாக ஓடுகிறது.
குழாய் பாலமாகிவிட்டால்
பிடித்திருப்பவன் கரை சேரமாட்டான்.

லாரிக்கு
மின்சாரத்தை ஒளித்துவைக்காத குழாய்.
பெட்ரோல் உரசிக்கொண்டு ஓட ஓடப் பிறக்கிறது ஒரு மின்னூட்டம்.
அது தங்காமல் மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும்.
தங்கினால்
என்றாவது ஒருநாள் தாண்டிக் குதிக்கும்.
ஆவிக்குத் தீக்குச்சி தேவையில்லை.

கறுப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது
ரப்பரில் எவ்வளவு கரி என்று.
அதனால்தான் என் மேசையில் அந்தச் சோவியத் பெட்டி:
கைப்பிடியைச் சுற்றினால் ஆயிரம் வோல்ட்,
கண்ணாடிக்குள் நோஞ்சான் முள் ஒன்று.

"காற்றுதானே போகப்போகிறது, ராய்ஹான்,
மலிவானதைக் கொடு" என்பார் ஆலையின் செரிக்பாய்.
காற்றும் போகும், மூச்சும் போகும் என்பேன்.
முறைத்துவிட்டு, தேநீர் கேட்பார்.
பிறகு நான் சொன்னதையே வாங்குவார்,
ரசீதில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று இரண்டுமுறை பார்த்துக்கொண்டு.

வியாழன் மாலை பெருக்கும்போது
துடைப்பத்தில் சிக்கியது
சுண்டுவிரல் நீளச் செம்புக் கம்பி.

லாரிக் குழாயின் சுவருக்குள் சுருண்டு வரும் கம்பி அது.
முனையில் அதை உரித்து, உள்ளே மடித்து,
இணைப்பின் இரும்போடு சேர்த்து அழுத்த வேண்டும்.
யெல்டோஸுக்குப் போன் போட்டேன்.
"ஆமாம், நீட்டிக்கொண்டிருந்தது.
சுத்தமாக வெட்டிவிட்டேன்" என்றான், பாராட்டு எதிர்பார்த்து.

செவ்வாயன்று அழுத்தியவை மூன்று.
இரண்டு கடையில். சுற்றினேன்;
முள் இரண்டுமுறையும் பூஜ்யத்தில் போய் விழுந்தது.
மூன்றாவது பில் புத்தகத்தில் இருந்தது:
ஷ்டம்ப், விக்டர். எக்கிபாஸ்துஸ் சாலை.
போனை எடுக்கவில்லை.

முப்பத்தொரு டிகிரி உறைபனி.
நல்ல குழாய் ஒன்றைப் பின்சீட்டில் வளைத்துப் போட்டு
டிப்போ வாசலுக்குப் போனபோது
எட்டாவது லாரியாக நின்றிருந்தார்.
வேலிக்கு வெளியே, சாலையோரப் பனிக்கு அழைத்தேன்.

சிரித்தார்.
"இரண்டு லோடு இறக்கியாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
உண்மையில் ஒன்றும் ஆகவில்லைதான்.
கையுறையைக் கழற்றி அந்தக் கம்பியை நீட்டினேன்.
அவரும் கழற்றி வாங்க வந்தார்.

விரல் படுமுன்
எங்கள் நடுவே நீலமாக ஒன்று துள்ளியது,
கடுகு வெடித்த சத்தத்தோடு.

கையை உதறிக்கொண்டார்.
திரும்பித் தன் லாரியைப் பார்த்தார்.
அதற்குப் பின்னால் நின்ற ஏழு லாரிகளையும் பார்த்தார்.
வரிசையை விட்டு வண்டியை வெளியே எடுக்க
முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரிடமும் கோபப்படவில்லை.

ரசீதில் 'மாற்று: ஒன்று' என்று மட்டும் எழுதினேன்.

பழைய குழாயை முற்றத்தில் நான்கு நாள் தொங்கவிட்டு,
வாடை முழுக்கப் போனபின்
மேசைமேல் கிடத்திச் சுற்றினேன்.
முள் அசையவே இல்லை.
யெல்டோஸ் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்,
அது அசைந்தால் தேவலை என்பதுபோல்.

லாரிக்கு ஆகாது.
உள்ளே கம்பி இருப்பதால் ஆலைக்கும் ஆகாது.
யாரும் எடுத்துவிடக் கூடாதென்று
முழ நீளத் துண்டுகளாக அறுத்துப் போட்டேன்.

செரிக்பாய் வந்தார்,
குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார்,
பாதி விலைக்குக் கேட்டார்.