துணைத்தேற்றம் நான்கு

மதிப்பீட்டாளர் கேட்டது ஒரே வரி:
"உங்கள் தளத்தில் எல்லைகள் உண்டா?"

பத்தமடை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது.
ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிக்
குடத்தோடு போனார் கண்டக்டர்.
கன்னடியன் கால்வாய்க் கரையில் இறங்கி நின்றேன்,
கையில் பதினேழாம் பக்கம்.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓர் அம்பு.
போர்வையைப் போர்வையாகவே கொண்டுபோகிறது.
அது போதும், எனவே தெளிவு
என்று எழுதியிருந்தேன்.
தெளிவு என்று எழுதுகிற இடத்தில்தான்
எப்போதும் சேறு.

பிசானம் அறுத்த வயலில்
சர்வேயர் எபனேசர் சங்கிலி இழுக்கிறார்.
சொரிமுத்துவுக்கும் பீர்முகமதுக்கும் வரப்பில் வழக்கில்லை.
பீர்முகமதுக்கும் உலகம்மாளுக்கும் இல்லை.
உலகம்மாளுக்கும் சொரிமுத்துவுக்கும்கூட.
ஜோடி ஜோடியாய்க் கையெழுத்துப் போட்டாச்சு.
மூன்று வரப்பும் கூடும் மூலையில் மட்டும்
ஒரு சாண் மண்,
யாருக்கும் இல்லாமல்,
அல்லது மூவருக்குமாய்.

"கல்லைக் காணோம்லா" என்றார் எபனேசர்.
"கல் கிடந்தா இந்நேரம் சோலி முடிஞ்சிருக்கும்."

கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டிரண்டாய்ப் பொருந்தினால் போதாது.
பொருத்தங்கள் தமக்குள் பொருந்தவேண்டும்,
பிறகு அந்தப் பொருத்தங்களும்,
கூரையே போடாத மாடிகள்.
கணங்களின் தரையில் நிமிர்ந்து நின்ற என் வாதம்
முதல் படியேறியதுமே இடறியிருக்கிறது.
நான் கவனிக்காமல்
நூறாவது மாடிவரை சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

நான்கை அடித்தேன்.
டிக்கெட்டின் பின்புறம் இடமிருந்தது:
தளத்தில் முதலில் எல்லைக்கல் நடு.
அம்பு கல்லைக் கல்லாகக் கொண்டுசேர்க்கட்டும்,
போர்வையைப் போர்வையாக.
அப்புறம் தளங்கள் இங்கிருந்து அங்கே போனால்
அவற்றின்மேல் கற்றை கற்றையாய் விளைந்த உலகங்கள்
அங்கிருந்து இங்கே வரும்.

இதில் வியக்க ஒன்றுமில்லை.
தண்ணீர் தலைமடையிலிருந்து கீழே,
மனு கடைமடையிலிருந்து மேலே.
ஒரே கால்வாய்தான்.
ஒன்று கேட்பதை மற்றது அறியும்,
அளவு மாறாமல்.
கொண்டுவருவது கல்லைக் கலைக்காமல் கொண்டுவரவேண்டும்,
அவ்வளவுதான் நிபந்தனை;
அதற்குத்தான் எனக்கு நாலு வருஷம்.

எபனேசர் முளைக்குச்சி அடித்தார்.
சாய்ஞ்சிருக்கு என்றாள் உலகம்மாள்.
பிடுங்கி மறுபடி அடித்தார்.

மதிப்பீட்டாளருக்கு: இல்லை.
இருப்பதாக நினைத்துவிட்டேன். இனி உண்டு.

கோபாலசமுத்திரத்தில் செக்கிங் ஏறினார்.
டிக்கெட்டை வாங்கி,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
கொடுத்தார்.
திருப்பிப் பார்க்கவில்லை.