ஒன்றா, இரண்டா

வியாங்கொடைக்குப் போகும் ரயிலில் தொங்கிக்கொண்டு
நாலு வருடப் படிப்பின் முடிவைக் கைபேசியில் பார்த்தேன்.
சித்தி. இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு.
பக்கத்தில் நின்றவர் காலை மிதித்துவிட்டு
"சொரி" என்றார். பரவாயில்லை என்றேன்.
அன்றைக்கு யார் மிதித்திருந்தாலும் பரவாயில்லை.

சான்றிதழ் கைக்கு வருமுன்பே
வகுப்பு சிதறிவிட்டது.
பிரசாந்தினி வெள்ளிதோறும் வர்த்தமானி புரட்டுகிறாள்,
அரசாங்க ஆஸ்பத்திரி வெற்றிடம் ஒன்றுக்காக.
ரிஸ்மினா தோஹாவில். சம்பளத்தைச் சொல்லமாட்டாள்,
பூனைப் படங்கள் மட்டும் அனுப்புவாள்.
தினேத் அப்பாவின் காணியை ஈடுவைத்து
நீர்கொழும்பில் சொந்தக் கடை போட்டான்;
அவன் விழிக்குமுன்னே விழித்துவிடுகிறது
கருவியின் தவணை.

நான் பம்பலப்பிட்டியில்,
இரண்டாம் மாடிக் கண்ணாடிக் கடையின் இருட்டறைக்குள்.
தகுதிகாண் காலம் ஆறு மாதம்.
"ஒன்றா தெளிவு, இரண்டா?"
"எக்கத, தெக்கத?"
ஒரு நாளைக்கு முப்பது பேரிடம்
இதையே கேட்டுக் கேட்டு
இரவு வெள்ளவத்தை அனெக்ஸில்
பாணா, இடியப்பமா என்று கடைக்காரர் கேட்டால்
எனக்கு அழுகை வரும்.

அறைக்கு வெளியே வெள்ளைப் பலகை.
ப்ரோக்ரெசிவ் பதினெட்டு, நீலப்பூச்சு நாற்பது
என்று மாத இலக்கு.
என் பெயருக்கு நேரே ஏழு.

ஜம்பட்டா வீதியிலிருந்து மரியதாஸ் வந்தார்.
லொத்தர் விற்கிறவர். வயது ஐம்பத்திரண்டு.
சீட்டைக் கை நீட்டிப் பிடித்து,
கை போதாமல் கழுத்தையும் பின்னுக்கு இழுத்து,
"நேற்று மூன்றை எட்டெண்டு சொல்லி
ஒராளுக்கு வித்திட்டன் பிள்ளை" என்றார்.
தூரப் பார்வை சுத்தம்.
கிட்டத்துக்கு மட்டும் இரண்டேகால்.
கதவு சாத்தியிருக்கிறதா பார்த்துவிட்டுச் சொன்னேன்:
புறக்கோட்டை நடைபாதையில் எடுங்கோ,
எழுநூறு ரூபா, போதும்.
பலகை ஏழிலேயே நின்றது.
பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது.
என்மீது எனக்கு
அளவுக்கு மீறிய மரியாதை.

மூன்றாம் நாள் மகளோடு திரும்பி வந்தார்.
"அந்த விலைச் சாமானை ஏன் எனக்குக் காட்டேல்ல?
என்னைப் பார்த்தா
வக்கில்லாதவன் மாதிரியே தெரியுது?"
தங்க விளிம்பு பிரேமைப் போட்டு
கண்ணாடிக்கு முன் இப்படியும் அப்படியும் திரும்பினார்.
"தூரத்தில வாற ஆளையும் பார்க்கவேணும்,
கையில இருக்கிற நம்பரையும் பார்க்கவேணும்.
ஒவ்வொருக்காலும் கழட்டி மாட்ட
எனக்கென்ன நாலு கையே?"
நான் அவருடைய கண்ணைத்தான் சோதித்திருந்தேன்.
தொழிலைக் கேட்கவில்லை.

பலகையில் எட்டு.
அந்தக் கமிஷனில் கரண்ட் பில் கட்டினேன்.
மிச்சம் நூற்றிருபது.

இப்போது மேசையில் ஒப்பந்தம்.
நிரந்தரம்; இரண்டு வருடம் விலக முடியாது.
கைபேசியில் ரிஸ்மினா:
இங்கே ஓரிடம் காலி, வெள்ளிக்குள் சொல்லு.
கூடவே ஒரு பூனை.
வெளியே மழை, காலி வீதி முழுக்க
பிரேக் லைட்டுகள் சிவப்பாய்க் கரைகின்றன,
இலக்கம் தவறிய கண்ணுக்குத் தெரிவதுபோல.

கடை பூட்ட இன்னும் பத்து நிமிடம்.
சோதனைச் சட்டத்தை என் மூக்கிலேயே மாட்டி
பிடி வைத்த குறுக்கு வில்லையைப் புரட்டுகிறேன்.
ஒன்று.
இரண்டு.
இரண்டும் ஒரேயளவு மங்கல் என்று
நோயாளி சலித்துக்கொண்டால்
அச்சு சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்,
அதற்குமேல் திருப்பக்கூடாது.
பரீட்சையில் எழுதி
முழுப் புள்ளி வாங்கிய விடை.

இன்னொரு தடவை புரட்டுகிறேன்.
காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
"மிஸ், போகலையா?" என்கிறார்.