பல் வைத்தியர், பத்து மணி

டீனின் நாட்குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது.
அவருடைய வாரம் அவருக்குத் தெரியுமுன்
எனக்குத் தெரிந்துவிடும்.
திங்கள், பத்து மணி: பல் வைத்தியர்.
பென்சிலால்தான் எழுதினேன்.

வால்டிவியாவில் ஜூன் மாத மழை
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
மூன்றாம் ஆய்வகத்தின் கூரை ஒழுக,
ஐந்து வாளி வேண்டிக் கடிதம் போட்டோம்.
பதில் வந்தது:
வாளி என்பது நிலையான சொத்தா, செலவினமா?
டீன் தன் வீட்டிலிருந்து இரண்டு கொண்டுவந்தார்.
ஒன்றின் அடியில் இன்னும் உருளைக்கிழங்கு மண்.
பல் வைத்தியர்: புதன், பதினொன்று.

செவ்வாய் விடியும்போது
மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்திருந்தார்கள்.
வாசலை அடைத்து நாற்காலிகள், காலோடு கால் பின்னி.
மேலே தொங்கிய துணியில்
கோரிக்கை எது, மழையில் வழிந்த சாயம் எது,
சொல்வதற்கில்லை.
நாற்காலிக் கால்களின் சந்து வழியே
இஸ்மேனியா ஓயார்சுன், வனவியல் புலத்தின் டீன்,
குனிந்தபடி ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.
உள்ளிருந்து ஒரு கண்ணும் பாதி மூக்கும் பதில் சொல்லின.
விடுதிக்கு விறகு வேண்டும்.
பேருந்துக் கட்டணம் குறைய வேண்டும்.
மண்ணியல் பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டும்.
“மூன்றாவது நேற்று இல்லையே” என்றார் டீன்.
அந்தக் கண் சிரித்ததாக எனக்குப் பட்டது.
பிறகு அது கேட்டது:
“ஒரு கெட்டில் கிடைக்குமா? எங்களுடையது கருகிவிட்டது.”
என் மேசையிலிருந்த கெட்டில் போனது.
இன்னும் திரும்பவில்லை.

புதனைப் பற்றி என்ன சொல்ல.
நிதிக்குழு. அதன் துணைக்குழு.
துணைக்குழுவின் அறிக்கையை ஏற்க மறுபடி நிதிக்குழு.
ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அறையை விடாத
பேராசிரியர் ப்ரூனோ எஃபிங்
தன் பாசிகள் எங்கே போகும் என்று அழுதார்.
காப்பியடித்துப் பிடிபட்ட ஆய்வேட்டில்
நான்கு பக்கம் டீனுடைய பழைய கட்டுரை.
“என் பிழையைக்கூடத் திருத்தாமல் எடுத்திருக்கிறான்”
அதுதான் அவருக்கு ஆத்திரம்.
பிற்பகல் முழுக்க
இடது கன்னத்தைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தார்.
ஆழ்ந்து யோசிக்கிறார் என்று சபை அடக்கமாயிற்று.
எனக்குத் தெரியும்,
கீழ் வரிசை, கடைவாய்.

வியாழன் இரவுக் காற்று கோப்பு எதையும் படிக்கவில்லை.
நூலகத்தின் பக்கம் சாய்ந்திருந்த கோய்கூவே மரம்,
வெட்டலாமா கூடாதா என்று
மரம் படித்த நாற்பது பேர்
பதினான்கு மாதம் கூடிக் கலைந்த மரம்,
தானே முடிவெடுத்து
யார்மீதும் விழாமல்
சைக்கிள் கொட்டகைமீது விழுந்தது.

காலையில் வாசலில் நாற்காலிகள் இல்லை.
உடன்படிக்கை கிடையாது, கையெழுத்து கிடையாது.
விழுந்த மரத்தைப் பார்க்காமல்
உள்ளே உட்கார்ந்திருக்க அவர்களால் முடியவில்லை.
அவ்வளவுதான்.

வெள்ளி, நான்கு மணி: பல் வைத்தியர்.
இந்த முறை பேனாவால் எழுதியிருந்தேன்.
ஐந்து நிமிடம் முன்பே டீன் அறையில் இல்லை.
ஒருவழியாகக் கிளம்பிவிட்டார் என்று
பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன்.
நாலே இருபதுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு.

நசுங்கிய கொட்டகையில், ஈர மரத்தூளில்
மண்டியிட்டிருந்தார்.
எதிரே செவ்வாய்க்கிழமைக் கண்,
இப்போது அதற்கு முழு முகம் இருந்தது,
மில்லாராய் என்று பெயரும்.
அறுத்த வட்டத்தில்
பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி.
மீதி ஊசிகள் டீனின் உதட்டிடுக்கில்,
வலி இல்லாத பக்கம்.
ஓரிடத்தில் வளையம் முடியளவு மெலிந்திருந்தது.
“நிலம் குலுங்கிய அறுபதாம் வருடமா?” என்று
ஊசிகளூடே குழறினார்.
“இல்லை, அதற்கு முன்னாலேயே ஒன்றை விட்டுவிட்டீர்கள்”
என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் கூசாமல்.
டீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஏழு ஊசிகளைப் பிடுங்கினார்.

என் கைபேசியில் மருத்துவமனைப் பெண்
வருகிறாரா இல்லையா என்றாள்.
திங்கள் பத்து மணி, என்றேன்.
பென்சிலைத் தேடிப் போனேன்.