ஒன்பதுக்கு முன் பதினைந்து

இரவு இரண்டு மணி.
உவர்மலை அலுவலகத்தில்
ஏசி வாளிக்குள் சொட்டுகிறது.
சேர்வர் மூச்சு வாங்குகிறது.
கொழும்பிலிருந்து தில்லையம்பலம் சேர்
வட்ஸப்பில் ஒரே வரி:
'ரீஸ்டார்ட் பண்ணுங்கோ யோகவதனி,
விடியமுன்னம் சரியாகோணும்.'

ரீஸ்டார்ட் சுகம்தான்.
கரைவலை மாதிரி, மீனும் பிளாஸ்ரிக்கும் ஒரே இழுவை.
எல்லாம் ஒன்றாய்ச் செத்துச்
சில மட்டும் எழும்பும்.

நான் முதலில் பட்டியலைக் கேட்டேன்.
கறுப்புத் திரையில் வரி வரியாய் வந்தார்கள்.
கப்பல் வருகைப் பதிவு, விழித்திருக்கிறது.
மழைமானி, உறங்கியபடி ஓடுகிறது.
மூன்று பேர் செத்தும் பட்டியலில்;
பெற்றது வந்து
'ஓம், முடிந்தது' என்று
இன்னும் கையொப்பம் வைக்கவில்லை.
அவற்றை எந்தக் கட்டளையாலும் கொல்ல முடியாது.
செத்ததை எப்படிச் சாகடிப்பது?
பெற்றதை எழுப்பினால்தான் பெயர் போகும்.
இந்த ஊரில் இதை நான்
யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

பிறகு, 4127.
வயது ஆயிரத்து நூற்றுப் பத்து நாள்.
பெற்றது எப்போதோ போய்விட்டது,
முதலாம் இலக்கம் தத்தெடுத்திருக்கிறது.
உரிமையாளர்: மர்சூக்.
மர்சூக் டோஹா போய் இரண்டு வருடம்,
அவர் மேசையில் இப்போது போட்டோகொப்பி மெஷின்.
கதவைச் சாத்தினாலும் சாகாதே என்று சொல்லி
இதைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறார்.

அது செய்வது இவ்வளவுதான்:
நிமிடத்துக்கு ஒருமுறை
உட்துறைமுக ஜெட்டியில் உள்ள கருவியிடம்
கடல் இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்கும்.
கருவியைக் கழற்றிச்
சீனன்குடா ஸ்டோருக்கு அனுப்பிப்
பத்தொன்பது மாதம்.
பதில் இல்லை.
பதில் இல்லை என்று எழுதிவைக்கும்.
அடுத்த நிமிடம் திரும்பக் கேட்கும்.
எட்டு இலட்சத்துச் சொச்சம் தடவை.
ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துளி நினைவகம் வாங்கும்,
திருப்பிக் கொடுக்கத் தெரியாது.

விரல் ஒன்பதுக்குப் போனது.
ஒன்பதென்றால் பேச்சில்லை,
கையிலிருந்ததை மேசையில் வைக்கவும் நேரமிராது.
பதினைந்து மரியாதை.
'தம்பி, நேரமாச்சு, கடையைக் கட்டு' என்பது.
கேட்கலாம், கேளாமலும் விடலாம்.
எனக்குப் பதினைந்தில் நம்பிக்கை குறைவு.
ஆனாலும் வாளி நிரம்ப
நான்கு விரல் இடமிருந்தது.
பதினைந்தையே அடித்தேன்.

ஒரு விநாடி. இரண்டு.
வெளியே புள்ளிமானொன்று
குப்பைப் பையை இழுக்கும் சத்தம்.
மூன்று.
4127 பட்டியலில் இல்லை.

பதிவேட்டின் அடியில்,
அத்தனை 'பதில் இல்லை'க்கும் கீழே,
சாகும்போது மட்டும் சொல்லென்று
மர்சூக் அதன் வாய்க்குள் வைத்துவிட்டுப் போனது:

'நிப்பாட்டினது ஆரெண்டாலும்,
ஜெட்டியில மூண்டாவது தூணடியில
வயர் கிடக்கும். ராவில போகாதீங்க, கால் தட்டும்.
நான் ரெண்டு தரம் விழுந்த.'

நினைவகம் வற்றுநீர் போல இறங்கியது.
சேருக்கு எழுதினேன்: 'சரி. ரீஸ்டார்ட் இல்லாமலே.'
நீல டிக் விழவில்லை. உறங்கியிருப்பார்.
வாளியைக் கொண்டுபோய்
வாசலில் நிற்கும் வேம்புக்கு ஊற்றினேன்.

ஆறரைக்கு வீட்டுக்குப் போகும் வழியில்
ஸ்கூட்டியை ஜெட்டிப் பக்கம் திருப்பினேன்.
நெத்தலி காயும் மணம்.
கடற்படைப் படகொன்று அலையில்லாமல் நின்றது.
கடலின் உயரத்தை யாரும் கேட்காத
நான்காவது மணித்தியாலம்.
மூன்றாவது தூண்.
சொன்னபடியே கறுப்பு வயர், சிப்பி பிடித்து,
நுனி தண்ணீருக்குள்.
கவனமாய்க் காலைத் தூக்கி வைத்துக் கடந்து
நான்காவது தூணடியில் தடக்கி விழப் பார்த்தேன்.

அங்கேயும் ஒன்று கிடந்தது.
ஆருடையதோ.