நாலடிக் கூண்டு

சேவூருக்கு மேற்கே மூணு ஏக்கர்,
சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண்.
மில்லுக்காரர் கேட்ட விலைக்குக் கொடுக்காமல்
மானுக்கு விட்டவள் நான்.
கிறுக்கி என்றார் பக்கத்துக்காட்டு ராக்கியண்ணன்.
"என்ற கடலைய உட்டுப்போட்டு
உங்காட்டுல தின்னா செரி" என்றும் சொன்னார்.

முதல் ஆடிக்குத் தட்டைப்பயறு, நரிப்பயறு, சணப்பை
மூன்றையும் கலந்து விதைத்தேன்.
பூவெடுத்ததும் மடக்கி உழ வேண்டும்.
பூவை நான் பார்க்கவே இல்லை.
மூணாம் இலை விரிந்த அன்று
இருபத்தாறு வாய் வந்தது.

மண் பரிசோதனை நிலையத்துத் துளசிமணி
சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.
கரிமச் சத்து: பாயிண்ட் ரெண்டு.
"மொதல்ல மண்ணுக்குச் சோறு போடுங்கக்கா.
எவ்வளவு திங்குதுன்னு தெரியாம
எத்தன நாளைக்குப் போடுவீங்க?"

அப்படித்தான் வந்தது கூண்டு.
நாலடிக்கு நாலடி, கோழிவலை, நாலு குச்சி.
உள்ளே கொழுக்கட்டைப்புல் முழங்கால் தொட்டது.
வெளியே
ஒட்ட வெட்டிய நகம் போல.
வலைமேல் கைவைத்து ரெண்டையும் பார்த்தபடி நின்றேன்.
என் தயவுதான்
மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

மறுவருசம் காட்டை மூணாகப் பிரித்தேன்.
வெள்வேல முள் வெட்டி ஒரு துண்டை அடைத்தேன்.
காலையில் போனால்
வேலியோரம் நெடுகப் புழுக்கை:
எத்தனை நேரம் நின்றன என்று
குவியலின் அளவு சொல்லியது.
அதையே அள்ளி உள்ளே வீசினேன்.

காது கிழிந்த பிணை ஒன்று.
விலாவை எண்ணலாம்.
ஒரு ராத்திரி
நானே ஒரு முள்ளுக்கட்டை இழுத்து ஒதுக்கினேன்.
விடியும்போது மூணு சென்ட் மொட்டை.
துளசிமணியிடம் சொல்லவில்லை.
காட்டுப்பன்னி மேல் பழியைப் போட்டேன்.

மீதியில் சணப்பை மஞ்சளாய்ப் பூத்தது.
பூவோடு மடக்கி உழச் சொன்னபோது
டிராக்டர்காரன் ரெண்டு தடவை கேட்டான்.
ஐப்பசி மழையில்
ராக்கியண்ணன் கிணற்றுக்கு
என் செம்மண் போகவில்லை.
அதை அவர்தான் வந்து சொன்னார்,
ஏதோ கடன் திரும்பி வராத குறை போல.

மாசியில் நிஜமாகவே பன்னி வந்தது.
கூண்டைப் புரட்டிப் போட்டுப் போயிருந்தது.
ஒன்றரை வருசம் ஒரு பல் படாத புல்
நெஞ்சுயரம் நின்றது,
வைக்கோல் நிறம், அடியில் கறுத்த அழுகல்.
காது கிழிந்தவள் வந்தாள், வயிற்றில் குட்டியோடு.
முகர்ந்தாள்.
தும்மினாள்.
பத்தடி தள்ளிப் போய்
போன வாரம் தானே கடித்துவிட்டுப் போன இடத்தில்
துளிர்த்ததை மேய்ந்தாள்.

நான் காத்து வைத்த நாலடி
யாருக்கும் ஆகவில்லை.

பொழுதோடு குச்சிகளைப் பிடுங்கி
வடக்குத் துண்டில் நட்டேன்.
பழைய இடத்தில் நாலு குழி.
காலையில் பார்த்தேன்,
ரெண்டில் புழுக்கை.