சிவப்பு நட்சத்திரம்

சின்னப்பாலத்தில், சங்கக் கட்டடத்து நிழலில்
நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கைபேசி.
பாசி எடுக்கும் பெண்களுக்கு அட்டை கொடுக்க
ஒரு செயலி. எட்டு மாத வேலை.
எழுதியவள் நான்.

சோதனைக்கு விதி ஒன்றுதான்:
பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம்,
வாயைத் திறக்கக் கூடாது.

நம்புநாயகி வந்து உட்கார்ந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தாள்.
பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றியது,
கிழித்துத்தான் இருந்தது.
உப்பில் ஊறி வெளுத்த நுனிகளை
விரல் என்றே திரை ஒப்பவில்லை.
மடக்கி, மூட்டால் தட்டினாள்.
திறந்தது.

பெயர். ஊர். அதெல்லாம் ஆயிற்று.
பிறந்த தேதி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
தொட்டாள். நாட்காட்டி விரிந்தது
அன்றைய தேதியில்: 2023, ஜூன்.
இடப்பக்கம் ஓர் அம்பு.
மே. ஏப்ரல். மார்ச்.

ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்: 12-07-1976.
நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
ஐநூற்று அறுபத்து மூன்று தட்டு.

மேலே இருக்கும் வருடத்தைத் தொட்டால்
வருடங்கள் வரிசையாய் இறங்கும்.
எனக்குத் தெரியும்.
நான்தான் அங்கே ஒளித்துவைத்தேன்,
அழகாக இருக்கிறதென்று.

அவள் போய்க்கொண்டிருந்தாள்.
தொட்டி தொட்டியாய்த் தண்ணீர் இறைப்பவள்போல
அவசரமும் இல்லை, சலிப்பும் இல்லை.
2019. 2015. 2011.
வெளியே யாரோ கூப்பிட்டார்கள்,
"ஏ நம்பு, நீர் வத்திருச்சு, வரலையா?"
"நீங்க போங்க, நான் இன்னும் பொறக்கல"
என்றாள். சிரித்தார்கள்.
நான் சிரிப்பதா கூடாதா என்று விதியில் இல்லை.

2004 டிசம்பரில் நிற்பாள் என்று நினைத்தேன்,
எல்லோரும் நிற்கும் மாதம்.
நிற்கவில்லை.
2003 மார்ச்சில் நின்றாள்.
கட்டங்களுக்குள் ஏதோ ஒரு நாளை
மூட்டால் தொடாமல், கண்ணால் தொட்டாள்.
என் குறிப்பேட்டில் எழுதினேன்:
'தாமதம், பதினொரு நொடி. காரணம் தெரியவில்லை.'

பிறகு எண்பதுகள். பிறகு 1978, ஏப்ரல்.
இன்னும் இருபத்தொரு மாதம்.
திரை வெளுத்தது.
'அமர்வு காலாவதியானது.'
இருபது நிமிடத்தில் மூடிக்கொள்ளட்டும்,
பாதுகாப்பு என்று
கூட்டத்தில் கை தூக்கியதும் நான்தான்.

நம்புநாயகி கைபேசியை
உடைந்த முட்டையைப்போல மேசையில் வைத்தாள்.
"நாந்தேன் எதையோ தப்பா அமுக்கிட்டேன்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பயனர் பிழை.
பேனாவை அதன் மேல் கொண்டுபோனேன்.
கொண்டுபோய், மூடி வைத்தேன்.
"நீங்க இல்லக்கா" என்றேன்.
விதி உடைந்தது.

அன்று இரவு பாம்பன் விடுதியில்
கொசுவும் நானும் மடிக்கணினியும்.
நாட்காட்டி போயிற்று. மூன்று கட்டம் வந்தது:
நாள், மாதம், வருடம்.
பொத்தான்களை விரல்மூட்டு அளவுக்குப் பெரிதாக்கினேன்.
எட்டு மாதம் பூட்டியதைப் பிரிக்க
நாற்பது நிமிடம் ஆனது. அது தனி வெட்கம்.

மறுநாள் மாலை, கடலிலிருந்து நேராக வந்தாள்.
ஈரம் சொட்டச் சொட்டத் தட்டினாள்:
12. 7. 1976.
தட்டிவிட்டு அப்படியே காத்திருந்தாள்.
"முடிஞ்சிருச்சுக்கா."
"அம்புட்டுத்தேனா?" நம்பவில்லை.
கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
"ச-மர்ப்-பி. எந்தக் கோயிலுக்கு?"

அதையும் மாற்றினேன். 'சங்கத்துக்கு அனுப்பு.'

அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்,
எத்தனை தட்டு மிச்சம் என்று.
ஐநூற்றுச் சொச்சம் என்றேன்.
ஒரு நாள் பாசி கணக்கில் வரவில்லை.
2003 மார்ச்சும் வரவில்லை;
இனி அந்த வழியாக
யாரும் போக வேண்டியதில்லை.

கைபேசித் திரையில் உப்பு காய்ந்திருந்தது.
துடைக்கப் போனவள்
முதலில் அதைப் படம் பிடித்தேன்,
பொத்தான் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு.