நானூற்றுப் பன்னிரண்டாவது சீட்டு

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில்
ஏப்ரலிலும் பனியை வழித்துத்தான் கதவு திறக்க வேண்டும்.
ஆர்வோ லாஹ்டியின் கொட்டகைக்குள் மட்டும்
விளக்கு போட்டு வளர்த்த கோடை.

ஒரு முழம் வளர்ந்ததும்
காதுகுத்துவதுபோல் மாட்டிவிடுகிறார்கள்
கஞ்சாச் செடிக்கு ஒரு மஞ்சள் சீட்டு.
தலைநகரத்துக் கணினியில் அதற்கு ஒரு வரி.

நான் எண்ண வந்தவள்.
சீட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு.
செடிகள் நானூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினேன், இந்த முறை கடைசியிலிருந்து.
அதே பதினொன்று.

கடைசிச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது.
"செத்துப்போச்சு."
எங்கே?
"புதைச்சுட்டேன்."

சட்டம் புதைக்க விடாது.
செத்ததை எடை போட வேண்டும்,
அரைக்க வேண்டும்,
சரிபாதி வேறு குப்பை கலக்க வேண்டும்
ஒருவருக்கும் உதவாது என்று ஆகும்வரை.
எல்லாம் கேமராவின் கண்முன்னால்.
மனுஷன் செத்தால்கூட இத்தனை படிவம் இல்லை என்றார்.
இருக்கிறது என்றேன்.
போன மாதம்தான் அப்பாவுக்கு நிரப்பினேன்.

கொட்டகைக்குப் பின்னால்
கடப்பாரை மண்ணில் பட்டு மணியடித்தது.
கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி ஊற்றி
இருவருமாகத் தோண்டினோம்.
ஒரு கறுத்த குச்சி வந்தது, வேரில் உறைந்த கட்டியோடு.

தராசில் நூற்றுப் பதினேழு கிராம்.
"அதுல பாதி என் மண்ணு."
மண்ணைக் கழிக்கப் படிவத்தில் இடமில்லை.

கலப்பதற்கு அவரிடம் இருந்தது
காலையில் வடித்த காப்பிச் சக்கை.
காப்பியும் நீட்டினார்.
மதிப்புள்ள எதையும் நான் வாங்கக் கூடாது.
சக்கையை மோந்துகொண்டே நின்றேன்.

தொண்ணூற்று நாலில் ஷெரீஃப் வந்து எண்ணினாராம்,
இதே கொட்டகையில்.
வேர்விடாத துண்டுகளையும் செடியென்று சேர்த்து.
அந்தக் கூடுதலுக்கு மட்டும் பதினான்கு மாதம்.
"அவருக்கு அதிகமா வந்துச்சு,
உங்களுக்குக் குறைச்சலா வருது.
என்னைக்குத்தான் சரியா வரும்?"
எழுதிக்கொண்டிருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

செத்த காரணம் என்று ஒரு கட்டம்.
பூஞ்சை. பூச்சி. வெப்பம். பிற.
நிமிர்ந்து பார்த்தேன்.
"தெரியல. ஒருநாள் காலையில
தலையைத் தொங்கப்போட்டுடுச்சு."
பிற.

வண்டி சூடேறியதும்
கையுறையிலிருந்து அந்த வாடை எழுந்தது.
வியாழக்கிழமை எனக்குச் சிறுநீர்ச் சோதனை,
வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட விதி.
அந்தக் குப்பியிலும் சீட்டு ஒட்டுவார்கள்.
ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கினேன்.
பனி உள்ளே வந்து மடியில் விழுந்தது,
எண்ணாமல் விட்டேன்.